மாமாவின் பதினொரு பிளொப்பிகள்

மட்டக்களப்பில் ஆசிரியராக இருந்த என் மாமா, படுவான்கரைக் கிராமங்களில் தாம் கேட்டெழுதிய நாட்டார் பாடல்களை 1998ஆம் ஆண்டு பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து, பழைய கணினிகளின் சிறு காந்த வட்டுகளான பிளொப்பிகள் பதினொன்றில் பிரதி எடுத்து வைத்திருந்தார். கையெழுத்துக் கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது. தட்டச்சு நடந்த கணினியும் எப்போதோ கழிவிரும்பாகப் போய்விட்டது. மிஞ்சியவை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்த இந்தப் பிளொப்பிகள் மட்டுமே.

முதல் நாள் நான் செய்தது பெரும் பிழை. பிளொப்பியை வாசிக்கும் யூஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கி, முதலாவது பிளொப்பியை அப்படியே செருகினேன். விண்டோஸ் அதை வெற்று வட்டாகப் புதிதாக வடிவமைக்கட்டுமா என்று கேட்டது. மறுத்துவிட்டு, கரகரவென்ற ஓசையைப் பொருட்படுத்தாமல் நான்கைந்து முறை மீண்டும் முயன்றேன். பிறகு இரண்டாவதைச் செருகினேன். அதுவும் திறக்காதபோதுதான் உலோக மூடியை விலக்கிப் பார்த்தேன். முதலாவது பிளொப்பியின் பரப்பில் வெண்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இரண்டாவதன் கீழ்ப்புறத்தில், வெளி விளிம்பை ஒட்டி, மயிரளவு மெல்லிய வளையமாகக் காந்தப் பூச்சு உரிந்திருந்தது. தட்டு நிமிடத்துக்கு 300 முறை சுற்றுவதால், டிரைவின் தலையில் ஒட்டிய அழுக்கு விநாடிக்கு ஐந்து முறை அதே இடத்தைத் தேய்த்திருக்கிறது. வட்டின் அட்டவணையைத் தேடிக் கணினி திரும்பத் திரும்பச் செல்வதும் அந்த வெளி வளையத்துக்குத்தான் என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

அதன்பின் வேலையை நிறுத்தி, ஒழுங்காகத் தொடங்கினேன். ஒவ்வொரு பிளொப்பியிலும் எழுதுதடைத் துளையைத் திறந்து வைத்தேன். மூடியை விலக்கிப் பிடித்து, நடுவிலுள்ள உலோகக் குடத்தை விரலால் மெல்லச் சுழற்றியபடி, ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இருபுறமும் துடைத்து, முழுவதும் உலரவிட்டேன். ஒரு பிளொப்பியை வாசித்து முடித்ததும் டிரைவின் தலையையும் துடைத்த பிறகே அடுத்ததைத் தொட்டேன். அலுப்பூட்டும் வேலைதான்; ஆனால் அதற்குப் பிறகு ஒரு வட்டிலும் புதிய கீறல் விழவில்லை.

வாசிப்பதற்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைப் பயன்படுத்தினேன். கோப்புகளைத் திறக்க முயலாமல், 1.44 எம்பி வட்டிலுள்ள, செக்டர்கள் எனப்படும் 2880 சிறு துண்டுகளையும் ஒரே படிமமாக, அதாவது வட்டின் முழு நகலாக, எடுப்பதும், எவை வாசிக்கப்படவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதும் அதன் முறை. நேரடி வாசிப்புத் தெரிவைக் கொடுத்ததால், ஒரு செக்டர் கெட்டிருந்தால் அதன் நல்ல அயல் செக்டர்களும் சேர்ந்து தவறிப்போவது தவிர்ந்தது. ஆறு பிளொப்பிகள் முதல் ஓட்டத்திலேயே முழுமையாக வந்தன. மற்றவற்றுக்கு, நண்பர் ஒருவரின் பழைய மேசைக் கணினியிலிருந்த டிரைவே கைகொடுத்தது. ஒவ்வொரு டிரைவின் தலையும் மயிரிழை வேறுபட்ட இடத்தில் நிற்பதால், ஒன்று கைவிட்டதை இன்னொன்று வாசித்துவிடக்கூடும். அதே படிமத்தையும் அதே வரைபடக் கோப்பையும் கொடுத்தபோது, விடுபட்டவற்றை மட்டுமே அது தேடியது. 47 ஆக இருந்த கெட்ட செக்டர்கள், நான் கீறிய இரண்டாவது பிளொப்பியைத் தவிர்த்துப் பார்த்தால், ஆறாகக் குறைந்தன.

அந்த இரண்டாவதில் உரிந்த பகுதி மீளவில்லை. கோப்புகளின் துண்டுகள் எங்கெங்கே உள்ளன என்று சொல்லும் கோப்பு ஒதுக்கீட்டு அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு என்று ஆறுதல் கொண்டிருந்தேன். ஆனால் முதற்பிரதி 1 முதல் 9 வரையிலும், மறுபிரதி 10 முதல் 18 வரையிலும் உள்ள செக்டர்களில் இருக்கின்றன. கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே கீழ்ப்புறத்தின் அதே வெளி வளையத்தில்தான். சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கொக்கியில் மாட்டி வைத்ததுபோல! கோப்புப் பெயர்களைத் தாங்கும் 19 முதல் 32 வரையான செக்டர்கள் மேற்புறத்தில் இருந்ததால் தப்பின. அங்கே ஒவ்வொரு கோப்பின் தொடக்க எண்ணும் அளவும் பதிவாகியிருக்கும். தொடக்க எண்ணுடன் 31ஐக் கூட்டினால் முதல் செக்டர் கிடைக்கும். அங்கிருந்து குறித்த அளவுக்கு வெட்டி எடுக்கலாம். கோப்பு சிதறாமல் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால்தான் இது பலிக்கும். மாமா கணினியில் வேலையை முடித்த பிறகே பிளொப்பிக்குப் பிரதி எடுத்தவர் என்பதால் ஒன்பது கோப்புகளும் சரியாகத் திறந்தன.

திறந்த கோப்புகளில் தமிழ் தெரியவில்லை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோட்டுக்கு மாற்றும் நிரல் அவற்றைத் தமிழாக்கியபோது, மாமா ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளையும் சேர்த்து உளறலாக்கியது; அவற்றை முன்கூட்டியே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கெட்ட செக்டர் ஒன்று கொம்புக்கும் அதன் எழுத்துக்கும் நடுவே வெட்டிய இடங்களைக் கையால் திருத்தினேன்.

விடுபட்ட ஆறு செக்டர்களில் இரண்டு, கோப்பு எதுவும் இல்லாத வெற்றிடத்தில் விழுந்தவை. மற்ற நான்கும் ஒரே தாலாட்டின் நடுப்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. மாமா சில அடிகளைப் பாடிக் காட்டினார். மற்றவற்றுக்குப் புள்ளிக்கோடு இட்டிருக்கிறேன். வரைபடக் கோப்பை அழிக்கவில்லை. இன்னொரு பழைய டிரைவ் கிடைத்தால், அந்த நான்கிலிருந்தே தொடங்கலாம்.