மறைக்காட்டுக் கதவும் மாதா கோயில் சவுக்கும்

டிசம்பர் 23 அன்று எங்கள் பயணம் வேதாரண்யத்தில்தான் தொடங்கும். மறைக்காட்டுநாதரைத் தரிசித்து, தலமரமான வன்னியைக் கும்பிட்டுவிட்டு, அந்தக் கதவின் முன் அம்மா சற்று நேரம் கைகூப்பி நிற்பார். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுப் போன கதவு. அப்பர் பதிகம் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது தலவரலாறு.

“அப்பருக்கே பதிகம் முழுசும் பாடின பெறகுதான் தொறந்துச்சு. நமக்கு ஒரே தட்டுல தொறந்தாங்க” என்பார். வருடா வருடம் இதே வார்த்தைதான். எனக்குக் கண் நிறைந்துவிடும்.

அம்மா சொல்வது பக்கத்து ஊர் மாதா கோயில் கதவை. 2018 நவம்பர் 15 இரவு. விடிவதற்குள் கஜா புயல் கரையேறியது. எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறக்க, பாட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம். கதவைத் திறந்தவர் உபதேசியார். பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து, நனைந்து நடுங்கிய பாட்டிக்குத் தன் போர்வையைப் போர்த்தினார். விடிந்து பார்த்தால் தென்னை, மா எல்லாம் வேரோடு கிடந்தன. சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நாலைந்து மரங்கள் மட்டும் நின்றன. அவற்றில் ஒன்றைத்தான் அப்பா அந்த வருடம் மாதா கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் மரமாக வெட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றுமுதல் அது எங்கள் வீட்டுச் சீர்.

கடல்கடந்தும் இப்படியொரு சீர் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நார்வே மன்னர் ஏழாம் ஹாக்கோன் லண்டனில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார். அந்த நன்றிக்காக நார்வே தலைநகர் ஆஸ்லோவின் மக்கள் 1947 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமசுக்கு ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை அனுப்ப, அது லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. இதைச் சொன்னபோது அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. “சோறு தின்ன வீட்ட மறக்கலாமா?” என்றார்.

இந்த வருடம் வெட்டுவதற்கு முன், அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். “கோவிச்சுக்காத தாயி, சாமி காரியத்துக்குத்தான் போற” என்று அதன் காதில் சொல்வதுபோல் சொன்னார். குட்டி யானையில் ஏற்றிக் கட்டினோம். வழி நெடுக சம்பா பால் பிடித்து நின்றது. சவுக்கு இலை காற்றில் இரைவதைக் கேட்டால் கடல் கூடவே வருவது போலிருக்கும்.

கோயிலில் மணல் நிரப்பிய தகர டின்னில் மரத்தை நிறுத்தினார்கள். பிள்ளைகள் பஞ்சும் ஸ்டாரும் கட்டத் தொடங்கினார்கள். ஒரு பையன் ஈரத்துணியால் அடிமரத்துக் குங்குமத்தைத் துடைக்கப் போனான். உபதேசியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும் தம்பி. பொறந்த வீட்டுல வச்சு அனுப்புன பொட்டு.”

மறுநாள் நடுச்சாமப் பூசைக்கு எல்லோரும் போனோம். பாலனைக் குடிலில் கிடத்தியபோது மணி அடித்தது, சாம்பிராணி எழுந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அந்த ராத்திரி கெடந்த எடம் இதான்” என்று பீடத்தின் முன்தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாட்டி போய் மூன்று வருடமாகிறது.

வீடு திரும்ப மூன்று மணி. பனியில் தோப்பே நனைந்திருந்தது. அம்மா படுக்கப் போகவில்லை. டார்ச்சை என் கையில் கொடுத்து, இளமரங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, நேராக வளர்ந்த ஒன்றில் அடுத்த வருடத்துக்கான மஞ்சள் கயிற்றைக் கட்டினார்.