மழை கிடக்கட்டும், எத்தனை பாகை?

நோர்வேயின் பேர்கன் நகருக்குப் புதிதாக வருகிற எங்கட ஆட்கள் முதலில் கேட்பது "நாளைக்கு மழையோ அண்ணை?" என்றுதான். இந்த ஊரில் அதைக் கேட்டுப் பிரயோசனமில்லை. ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற இடம் இது. யாழ்ப்பாணம் ஒரு வருசம் முழுக்கக் காண்கிற மழையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2006 ஒக்டோபர் 29இல் தொடங்கி 2007 ஜனவரி 21 வரை, ஒரு நாள்கூட விடாமல் 85 நாள் பெய்ததை இங்குள்ள பழைய ஆட்கள் ஏதோ தாங்களே செய்துமுடித்த சாதனைபோலச் சொல்லுவார்கள். ஆகவே மழையை விடுங்கள். கேட்கவேண்டியது எத்தனை பாகை, காற்று எந்தப் பக்கமிருந்து என்பதுதான்.

அத்திலாந்திக்கில் இருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற தென்மேற்குக் காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறும்போது குளிர்ந்து, சுமையை எங்கள் தலையில் இறக்கிவிட்டுப் போகும். அது வீசும்வரை ஒக்டோபரிலும் 11, 12 பாகை இருக்கும். தூறலும் புகாருமாக நசநசவென்று கிடந்தாலும் குளிர் பெரிதாகத் தெரியாது. பிறகு காற்று வடமேற்குக்குத் திரும்பும். ஒரு பத்து நிமிடத்தில் வானம் வெளிக்கும், ஆகா என்று கோட்டைக் கழற்றுவோம், அடுத்த பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி முகத்தில் அடிக்கும். காலையில் 10 பாகையாக இருந்தது மத்தியானம் 4 ஆகியிருக்கும்.

இப்படிச் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் முட்டுகிற எல்லையை 'முகப்பு' என்று கணக்கெடுத்து வானிலை சொல்லும் முறை இந்த ஊரில்தான் பிறந்தது. வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற விஞ்ஞானி 1917இல் இங்கே வந்து, மேற்குக் கரையோரம் முழுக்க அவதானிப்பு நிலையங்களைப் பெருக்கி, மகன் யாக்கோப்போடும் மற்ற இளம் ஆட்களோடும் சேர்ந்து செய்த வேலை அது. முதலாம் உலகப் போர் முடிந்த சூடு ஆறாத காலம் என்பதால் போர்முனைக்குச் சொல்லும் பெயரையே அதற்கும் வைத்தார்கள். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் அந்த ஆராய்ச்சி நடந்திராவிட்டால்தான் அதிசயம்.

எனக்கு இதையெல்லாம் விட உதவியாக இருப்பது ஊல்ரிக்கன் மலை. 643 மீற்றர் உயரம். நூறு மீற்றர் ஏற ஏற அரைப் பாகைக்குச் சற்று மேல் குறையும் என்பதால், கீழே 5 பாகை என்றால் உச்சியில் 1. குசினி யன்னலால் பார்த்தால் மலையின் எந்த மட்டத்தில் வெள்ளைக் கோடு தொடங்குகிறது என்று தெரியும். அந்தக் கோடு இறங்கி வருகிற வேகத்தைப் பார்த்தே பிள்ளைகளுக்கு எந்த உடுப்பு எடுத்து வைப்பது என்று மனைவி முடிவெடுத்துவிடுவா.

உடுப்பு என்றதும் பார்ணஹாகேயைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் ஊர் பாலர் பாடசாலைதான், ஆனால் பிள்ளைகள் கொட்டுகிற மழையிலும் வெளியே சேற்றுக்குள் இருந்து விளையாடுவார்கள். இலங்கையில் இருந்து வந்து நின்ற மாமி அதைக் கண்டுவிட்டு, "உந்த மழைக்குள்ள பச்சைப் பிள்ளையள விட்டு வைச்சிருக்கினம், தடிமன் பிடிக்காதோ தம்பி?" என்று நாள் முழுக்கப் புறுபுறுத்தா. பிடிக்காது என்று சொல்லமாட்டேன், பிடிக்கும். ஆனால் அது மழையால் வருகிறதில்லை, கிருமியால் வருகிறது. பிள்ளை நடுங்குவதற்குக் காரணம் உள்ளே போட்ட பருத்தி பெனியன். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் சூட்டை ஓரளவு பிடித்துவைக்கும். அதனால் உடம்போடு ஒட்டி மெல்லிய கம்பளி, மேலே தடித்த கம்பளி, அதற்கு மேல் இறப்பர்போன்ற மழை உடுப்பு, காலுக்கு நீளச் சப்பாத்து. பின்னேரம் கூட்டிவரப் போனால் உலர்த்தும் அலுமாரிக்குள் இருபது சோடிக் கையுறைகள் தொங்கும். ஈரக் கம்பளி மணம் வாசலிலேயே முகத்தில் அடிக்கும். எல்லாக் கையுறையும் ஒரே கடையில் வாங்கியதுபோல் நீலம். பெயர் எழுதி ஒட்டாதவர் பாடு அவ்வளவுதான்.

குடையைப் பற்றி ஒரு வரி போதும்: காற்றடித்த அடுத்த நாள் நகர மத்தியின் குப்பைத் தொட்டிகளைப் பாருங்கள், கம்பி முறிந்த குடைகளாகவே கிடக்கும்.

மைனஸ் 5 என்றால் புதியவர்கள் பயப்படுவார்கள். அது காய்ந்த குளிர், சமாளிக்கலாம். பொல்லாதது பூச்சியத்துக்கும் 4க்கும் இடைப்பட்ட ஈரம். வானிலைச் செயலி சொல்லுகிற வெப்பநிலை நிலத்தில் இருந்து இரண்டு மீற்றர் உயரத்துக்கு உரியது. இரவில் முகில் விலகினால் தெரு அதைவிட வேகமாகக் குளிரும். கைபேசியில் 2 பாகை என்று நிற்கும், காலடியில் பெய்த மழை கண்ணுக்குத் தெரியாத ஐஸாக இறுகிக் கிடக்கும். அதிகாலை ஐந்து மணிக்கே முதியோர் இல்லத்துக்கும் துப்புரவு வேலைக்கும் பஸ் ஓட்டவும் புறப்படுகிற எங்கட ஆட்கள்தான் அதில் முதலில் கால்வைக்கிறார்கள்.

மழையின் அளவைப் பார்க்கவேண்டிய நாட்களும் உண்டு. 2005 செப்டெம்பர் 14இல் ஒரே நாளில் 156.5 மில்லிமீற்றர் பெய்து, நகரின் தெற்கே ஹாத்லெஸ்தாத் குடியிருப்பில் மண் சரிந்து மூன்று பேர் செத்தார்கள். இப்போது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை வருகிறது. மஞ்சளுக்கு இங்கே யாரும் அசைவதில்லை. செம்மஞ்சள் வந்தால் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் போன் எடுத்து விசாரிப்போம்.

நோர்வேயின் வானிலை நிறுவனமும் அரச வானொலியும் சேர்ந்து நடத்துகிற 'யூர்' செயலியில் சாவகச்சேரியும் இருக்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று அங்கே சொல்லுகிற அதே மாதங்களில்தான் இங்கேயும் கொட்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்த கிழமை எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் இரண்டு ஊரும் மாறிமாறி ஓடின. அந்தக் கிழமை பாகையை யார் பார்த்தார்கள்!

இன்னொன்று: செயலி பத்து நாள் காட்டுகிறது என்பதற்காகப் பத்து நாளையும் நம்பவேண்டாம். முதல் மூன்று நாளும் நல்ல கணக்கு. அதற்குப் பிறகு வருகிறதைக் காலையில் ஒருக்கா, இரவில் ஒருக்கா பார்த்தால் இரண்டு விதமாக இருக்கும். போன தீபாவளிக்கு மண்டபம் எடுத்தபோது 10 பாகை என்று காட்டியது, அன்றைக்கு 3. பட்டுச் சேலைக்குக் கீழே இறப்பர் சப்பாத்தோடு வந்து, வாசலில் செருப்பு மாற்றினார்கள் பெண்கள்.

வழுக்காமல் இருக்க ஆணி பதித்த குளிர்கால ரயரை நவம்பர் 1 முதல் போடலாம், தெரு வழுக்கினால் அதற்கு முன்பும் சட்டம் விடும். ஆனால் ஆணி தார் ரோட்டை அரைத்துத் தூசாக்குகிறது என்று பேர்கன் நகரசபை அதற்குத் தனிக் கட்டணம் அறவிடுகிறது. நகருக்குள் மட்டும் ஓடுபவருக்கு ஆணியில்லாத குளிர்கால ரயர் காணும். வொஸ் பக்கம் மலை ஏறி வேலைக்குப் போகிறவருக்கு நான் ஆணியையே சொல்லுவேன். சனி இரவு வடமேற்குக் காற்று, 1 பாகை என்று இன்று காலை காட்டியது. வெள்ளிக்கிழமைக்கு ரயர் மாற்ற நேரம் எடுத்துவிட்டேன், பிந்தினால் கராஜில் இடம் கிடையாது.