ஏரியால் பிழைத்த சைக்கிள் கடை

கொடைக்கானலில் சொந்தமாகச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் குறைவு. வாடகைக்கு விடுபவர்கள்தான் அதிகம். அந்த ஊரில் சைக்கிள் வாங்கினால் கடைக்குப் போகும்போது தள்ளிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போது தள்ளிக்கொண்டு வர வேண்டும். ரெண்டில் ஒன்று நிச்சயம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூஞ்சிக்கல் பக்கம் சைக்கிளோடு தென்பட்டவர்கள் பேப்பர் போடும் பையன்களும், காரியரில் தகரப் பெட்டி கட்டிய ரொட்டிக்காரரும்தான். அவர்களும் பாதி நேரம் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷர் சைக்கிள் கடையை நம்பியே குடும்பம் நடத்தி, பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தார்.

அதற்கு அவர் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டருக்குத்தான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். மதுரைக் கலெக்டராக இருந்த வேர் லெவிஞ்ச் 1863-இல் இங்கே ஓடைகளை மறித்துக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். தண்ணீர் எங்கே தேங்கினாலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அந்த விளிம்பை ஒட்டியே பிறகு பாதையும் போட்டார்கள். அதனால் எங்கே திரும்பினாலும் ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் ஊரில், சுமார் 5 கிலோமீட்டருக்கு மட்டும் கிட்டத்தட்ட சமதளமான ஒரு சாலை அமைந்துவிட்டது. லெவிஞ்ச் படகு விட ஆசைப்பட்டிருப்பார். இன்று நாம் ஓட்டுகிற மாதிரி, பின் சக்கரத்துக்குச் செயின் போட்ட சைக்கிள் இங்கிலாந்திலேயே 1885 வாக்கில்தான் நிலைபெற்றது. சைக்கிளுக்கு முன்னாலேயே சைக்கிள் ஓட்டும் பாதைக்கு வழி செய்துவிட்டுப் போன புண்ணியவான் அவர்.

கடைக்காரரை ஊரில் எல்லோரும் ராவுத்தர் என்றே சொன்னோம். பிள்ளைகளுக்கு மட்டும் பாய். என் பெரியம்மா வீடு மூஞ்சிக்கல்லில் இருந்தது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே வத்தலக்குண்டில் பஸ் ஏற்றிவிடுவார்கள். பஸ் மேலே ஏற ஏற வாந்தி, டம்டம் பாறை தாண்டியதும் குளிர், பெருமாள்மலையில் டீ. பஸ்ஸின் கூரையில் காய்கறிக் கூடைகளோடு சில நாள் சைக்கிள் ரிம்மும் டயரும் கட்டியிருக்கும். ராவுத்தருக்கு வேண்டிய சாமான் எல்லாம் திண்டுக்கல்லிலிருந்து அப்படித்தான் வரும். அந்தச் சாமானோடு ஒரே பஸ்ஸில் வந்தோம் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை.

தகரக் கூரை, மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் திறந்த கடை. மேகம் இறங்கினால் நேராக உள்ளே வந்துவிடும். எதிரே நிற்கிற ஆள் தெரியாது, ரிம்மில் சுத்தியல் தட்டுகிற சத்தம் மட்டும் வரும். உள்ளே பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய இரும்புச் சட்டி, உத்தரத்திலிருந்து தொங்கும் டியூப்கள், ஆணியில் மாட்டிய போக்ஸ் கம்பிக் கட்டுகள். பெரும்பாலும் ஹெர்குலிஸ் வண்டிகள்தான். ஒவ்வொன்றின் பின் மட்காட்டிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர். எங்களுக்குள் அந்த நம்பரை வைத்து அடிதடியே நடக்கும். நான்காம் நம்பர் லேடீஸ் வண்டி எனக்கு. அதை வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால் அது வரும்வரை கடை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

டூரிஸ்ட்கள் அட்வான்ஸுக்குப் பதிலாக வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சீசன் நாளில் மேசை டிராயரைத் திறந்தால் உள்ளே ஏழெட்டு வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப் போகாது. வாடகைக் கணக்குக்கு அவர் எதையும் நம்ப மாட்டார், சுவரில் இருந்த தன் கடிகாரம்தான். அது எப்போதும் கொஞ்சம் மெதுவாக ஓடும். லாபம் வாடிக்கையாளருக்குத்தான் என்பதால் யாரும் தகராறு செய்ததில்லை.

கீழ்நாட்டில் சைக்கிள் கடை என்றால் காற்று, பஞ்சர். அதோடு முடிந்தது. ராவுத்தர் கடையில் முக்கால்வாசி வேலை பிரேக்தான். அந்தக் காலத்து வண்டிகளில் ஒயர் கிடையாது, கம்பி பிரேக். கைப்பிடியை அழுத்தினால் கம்பிகள் இழுத்து, 'ப' வடிவத்தில் வளைந்த ஒரு துண்டு மேலே ஏறி, ரெண்டு ரப்பர் கட்டைகளையும் ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். காய்ந்த ரிம்மில் நன்றாகப் பிடிக்கும். நனைந்த முலாம் பூசிய ரிம்மில் கட்டை வழுக்கிக்கொண்டு போகும், வண்டி நிற்கவே நிற்காது. கொடைக்கானலில் நனைவதற்கு மழை வேண்டியதில்லை, மேகம் போதும். அதனால் வண்டி கொடுக்கும்போதே சொல்லி அனுப்புவார்: "எறக்கம் வர்றதுக்கு முன்னாடியே லேசா புடிச்சுக்கிட்டே வா பாப்பா. கட்டை ரிம்மைத் தொடைச்சு வைக்கும். அப்புறம் அழுத்தினா நிக்கும்."

ஏரியைச் சுற்றத்தான் வண்டி. வானாராய்ச்சிக் கூடம் பக்கம் ஏறக்கூடாது, இது அவருடைய சட்டம். சென்னையிலிருந்து 1899-இல் மாற்றிக் கொண்டுவந்த சூரிய ஆய்வுக்கூடம் அது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஏரியிலிருந்து அங்கே போகிற சாலை நல்ல ஏற்றம் என்பதுதான் தெரியும். அதைத் தள்ளிக்கொண்டே ஏறி, இறங்கும்போது மட்டும் உட்கார்ந்து வர வேண்டும் என்பது என் பெரியம்மா மகனின் நெடுநாள் கனவு.

"தம்பி, ஏத்தத்தை உன் காலு பாத்துக்கும். எறக்கத்தை யாரு பாத்துக்குவா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிடுவார்.

ஒரு மே மாதம் கல்லூரிப் பையன்கள் கும்பலாக வந்து வண்டி எடுத்தார்கள். ரெண்டு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்து நின்றார்கள். "ஏரியத்தான் பாய் சுத்துனோம், ரெண்டு ரவுண்டு" என்றான் ஒருத்தன். ராவுத்தர் பதில் சொல்லவில்லை. முன் சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ரிம்மின் உள்பக்கத்தை விரலால் தொட்டார். அடுத்த வண்டி. அதற்கடுத்த வண்டி. அப்புறம் எழுந்து, "சமதளத்துல எதுக்குத் தம்பி இவ்வளவு பிரேக் புடிச்சீங்க?" என்றார். ரிம் இன்னும் சூடாக இருந்திருக்கிறது. ஆளும் வண்டியுமாக அத்தனை உயரத்திலிருந்து இறங்குகிற வேகத்தில் பெரும்பங்கு அந்த நாலு ரப்பர் கட்டையில் உரசி உரசிச் சூடாகத்தான் போயாக வேண்டும். எனக்கு இது பிற்பாடு பள்ளியில் இயற்பியல் வாத்தியார் சொல்லிப் புரிந்தது. ராவுத்தர் விரலால் படித்திருந்தார். திட்டவில்லை. வாடகையோடு பிரேக் கட்டைக்கும் காசு வாங்கிக்கொண்டு, வாட்சுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டு எண்ணெய் விஷயமும் அப்படித்தான். கீழே எங்கள் ஊரில் செயினுக்கும், பின் சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. ஒரு தடவை என் பெரியப்பா தன் பழைய வண்டிக்கு அப்படி விட்டுவிட்டார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் அக்னி நட்சத்திரத்தில்கூட அந்தச் சூடு அபூர்வம். ஃப்ரீவீலுக்குள் எண்ணெய் கட்டியாகி, உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டு, பெடலை மிதித்தால் சக்கரம் சுற்றாமல் கால் மட்டும் சுற்றியது. ராவுத்தர் ஃப்ரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினார். கழுவி முடிக்கிறவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "தலைக்குத் தேய்க்கிறதை வண்டிக்குத் தேய்ச்சா இதுக்கும் தடுமம் புடிக்கும்ல?"

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு டூரிஸ்ட் வர மாட்டார்கள். வண்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு ஓவராயில் செய்வது அப்போதுதான். அந்தக் காலத்தில் நான் அங்கே இருந்ததில்லை, பெரியம்மா மகன் சொல்லக் கேட்டதுதான். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. ஒவ்வொன்றையும் துணியால் துருப் போகத் துடைத்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, கிரீஸ் வைத்து மாட்டுவாராம். மழை விடாத அந்த மாதங்களில் கடையில் வருமானம் கிடையாது. ஆனால் வேலை அப்போதுதான் அதிகம்.

போன ஆண்டு கடைசியில் குடும்பத்தோடு போனேன். இப்போது மலையேற இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டுவந்தது. இணையத்தில் எடுப்பது எளிதுதான், கீழேயே எடுத்துவைத்துவிடுங்கள். வழியெல்லாம் வண்டிகள். வெள்ளி அருவிப் பக்கம் காரிலேயே உட்கார்ந்து ஒரு வாழைப்பழச் சீப்பை முடித்துவிட்டோம்.

மூஞ்சிக்கல்லில் தகரக் கூரை இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. கீழே ஹோம்மேட் சாக்லேட் கடை, மேலே தங்கும் அறைகள். கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "சைக்கிள் கடையா? அவங்க பையன் ஏரிப் பக்கம் வச்சிருக்காங்க" என்று கையைக் காட்டினாள். சாக்லேட் வாங்காமல் வர மனசு கேட்கவில்லை. சுமார்தான்.

ஏரிக்கரையில் வாடகை வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. கியர் வண்டி, ரெட்டைச் சீட் வண்டி, குழந்தை வண்டி. ராவுத்தர் மகனைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. எல்லோரும் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு ஆட்களைக் கூவிக் கூப்பிட, ஒருத்தர் மட்டும் தலைகீழாகக் கவிழ்த்த வண்டியின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா வீட்டைச் சொன்னதும், "நாலாம் நம்பர் அக்காவா?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

"அத்தா மௌத்தாகி ரொம்ப வருஷமாச்சுக்கா. கடைசி வரைக்கும் கம்பி பிரேக் வண்டிதான் வண்டிம்பாங்க. பார்ட்ஸ் கிடைக்கணுமே? வாடகை எடுக்குறவங்களும் கியர் இருக்கான்னுதான் கேக்குறாங்க. ஏரியைச் சுத்த எதுக்கு கியரு?"

வாடகை வண்டியைவிட இப்போது அவருக்குக் காசு வேறு பக்கம். மதுரை, திண்டுக்கல்லிலிருந்து விடியற்காலையில் கிளம்பி மலைப்பாதை முழுவதையும் மிதித்தே ஏறி வருகிறவர்கள் உண்டு. ஹெல்மெட், இறுக்கமான டவுசர், லட்ச ரூபாய் வண்டி. ஏறி வந்து ஏரிக்கரையில் டீ குடித்து, இறங்குவதற்கு முன்னால் இவரிடம் ஒரு தடவை பிரேக்கைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்காகவே டிஸ்க் பிரேக் பேடு வாங்கி வைத்திருக்கிறார்.

"நீங்களும் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிப்பீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது, பெரிதாகச் சிரித்தார். "எறக்கம் எறங்கின டிஸ்க்கைத் தொட்டா விரல் வெந்து போகும்க்கா. அத்தா வித்தை இதுல செல்லாது. நான் மோந்துதான் பாக்குறது."

நிஜமாகவே மோந்து காட்டினார். பேடு கருகினால் ஒரு நாற்றம் வருமாம்.

என் பையனுக்கு ஒரு வண்டி, எனக்கு ஒரு வண்டி எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றினோம். ஏரி நட்சத்திரம் மாதிரி கை கையாக நீண்டு கிடப்பதால் சாலையும் உள்ளே போய் வெளியே வரும். பையன் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் நிற்கிற மாதிரி தெரிவான், கூப்பிட்டால் கேட்கும். ஆனால் எட்டிப் பிடிக்க ஒரு கையின் நீளத்தை முழுக்கச் சுற்ற வேண்டும். இந்த விளையாட்டில் அன்று மூச்சு வாங்கியது எனக்கு மட்டும்தான். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான் என்று அவனுக்கு விளக்கினேன். வயசும் ஒரு காரணம் என்றான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். ஏரிச்சாலையில் காரும் குதிரையும் சைக்கிளும் ஒன்றாக நெரியும், பிள்ளைகளை ஓட்டவிடப் பயமாக இருக்கும். வார நாளில் காலை ஏழு மணிக்குள் இறங்கிவிட்டால் சாலை உங்களுடையது. ஆனால் கடைகள் அதற்கு முன்னால் திறப்பது சந்தேகம், முந்தைய நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரையன்ட் பூங்காப் பக்கம் கூட்டம் அதிகம், எதிர்க்கரையில் தொடங்குவது நல்லது. வண்டியை எடுத்ததும் நகர்த்திப் பார்த்து ரெண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். முன் பிரேக் பிடிக்கவில்லை என்றால் வேறு வண்டி கேளுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சுற்றில் கழற்றிவிடுவீர்கள், அதனால் காரியர் வைத்த வண்டியாகக் கேளுங்கள். புது வண்டிகளில் பெரும்பாலும் காரியர் கிடையாது.