வாசலில் நின்ற வாழைத்தார்

பசுமலை விடுதியில் வளர்ந்தவர்களுக்கு பைபிளின் ரோமர் 12:1 தூக்கத்தில் கேட்டாலும் வரும். 'பரிசுத்தமும் தேவனுக்குப் பிரியமுமான ஜீவபலி' என்று காலை ஜெபத்தில் ஒரே மூச்சில் ஒப்பிப்போம். கவனமெல்லாம் மெஸ் பக்கமிருந்து வரும் பொங்கல் வாசனையில். தேவனுக்குப் பிரியமாக நடப்பதென்றால் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சினிமாவுக்குச் சுவர் ஏறக்கூடாது, பீடி கூடாது, ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தக்கூடாது.

சுவர் ஏறினால் வார்டன் சார் வெளுத்துவிடுவார். ஆனால் அதைக் கொண்டுபோய் தேவனோடு முடிச்சுப்போட மாட்டார். 1881-ல் பசுமலையில் தொடங்கி, பிறகு மதுரைக்குள் குடிபோன அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் அவர். "காலேஜ் இங்கிருந்து அங்க போச்சு, நான் அங்கிருந்து இங்க வந்தேன்" என்பார்.

விளைச்சலைக் கோயிலில் காணிக்கையாக வைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பையன்கள் வீட்டு விளைச்சலைக் கொண்டுவருவார்கள். பூசணி, நாட்டுக்கோழி, நிலக்கடலை, ஒரு பந்து மல்லிகை. அந்த வருஷம் எங்கள் வாலிபால் கேப்டன் ஒரு முழு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு, பால் சட்டையில் வடிய வடிய வந்தான். கோயில் வாசலில் சார் மறித்தார்.

"அவன்ட்ட பேசிட்டியா?"

அறைத்தோழனோடு அவனுக்கு மாசக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. ஊருக்கே தெரியும்.

"எனக்கு அவன் மேல ஒண்ணுமில்ல சார்."

"அவனுக்கு உன் மேல இருக்குல்ல? தார இங்கிட்டு வச்சிட்டுப் போ. எங்கயும் ஓடிராது."

மத்தேயு 5:23, 24-ஐத்தான் சார் சொன்னார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறது வசனம். நமக்குக் கோபம் இருக்கிறதா என்று அங்கே கேள்வியே இல்லை. இந்த இடத்தை நிறையப் பிரசங்கங்கள் தாண்டிப் போய்விடுகின்றன.

மூன்றாம் பாட்டு முடிகிறவரை தார் வாசலிலேயே கிடந்தது. பாடகர் குழுவிலிருந்த அறைத்தோழனை இவன் ஜாடை காட்டி வெளியே வரவைத்து, வேப்பமரத்தடியில் என்ன பேசினார்களோ, ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி வந்தார்கள். ஏலத்தில் எடுத்தவர் திரும்ப ஏலத்துக்கே கொடுக்க, அது இரண்டு முறை விலைபோய், கடைசியில் எங்கள் மெஸ்ஸுக்கே வந்து சேர்ந்தது.

தேவனுக்குப் பிரியமாக இருப்பதை, நல்ல பிள்ளையாக நடந்து மார்க் வாங்குகிற காரியமாகவும் சார் நினைக்கவில்லை. 'விசுவாசமில்லாமல் தேவனுக்குப் பிரியமாயிருப்பது கூடாதகாரியம்' என்ற எபிரெயர் வசனத்தை அவர்தான் அடிக்கடி சொல்வார். நம்புகிறவன் அடுத்த ஆளிடம் போய் நிற்பான், அவ்வளவுதான் அவர் கணக்கு. இங்கே எங்கள் சபையில் காணிக்கையைப் போனிலேயே தட்டிவிடுகிறோம். மறிக்க வாசலில் யாரும் இல்லை.

விடுதிக் கட்டடத்துக்கு நம் பழைய மாணவர் சங்கம் நிதி திரட்டுகிறது, சந்தோஷம். போன பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நம்மில் இரண்டு தரப்பு ஒருவர் போனை ஒருவர் எடுப்பதில்லை. தப்பு யார் மேல் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டடம் ஒரு மாதம் பிந்தினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.