பட்டச் சான்றிதழும் பிளாக்செயினும்

இலங்கையில், கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள வந்தாறுமூலையிலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவிலிலோ பட்டம் பெற்ற ஒருவர் கட்டாரில் வேலைக்கு விண்ணப்பித்தால், அவருடைய சான்றிதழ் உண்மையானது என்று உறுதிப்படுத்தப் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம், வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, தூதரகம் என்று படியேற வேண்டியிருக்கிறது. போலிச் சான்றிதழ்கள் கிளப்பிய சந்தேகத்துக்கு நேர்மையாகப் படித்த பிள்ளைகள் அலைந்து விலை கொடுப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

இந்த அலைச்சலை, பல கணினிகளில் ஒருங்கே பேணப்படும் மின்னணுப் பேரேடான பிளாக்செயின் பெருமளவு குறைக்கும் என்று நம்புகிறேன். பல்கலைக்கழகம் சான்றிதழ்க் கோப்பிலிருந்து ஷா-256 போன்ற முறையால் ஹாஷ் எனப்படும் குறியீட்டைக் கணித்து, அதைத் தன்னிடம் மட்டுமே இரகசியமாக இருக்கும் தனிச்சாவி என்ற மின்னணுக் குறியீட்டால் ஒப்பமிட்டு, அந்தப் பேரேட்டில் பதிகிறது. பின்னர் எவரேனும் பெயரில் ஓர் எழுத்தையோ இரண்டாம் வகுப்பை முதலாம் வகுப்பாகவோ மாற்றினால், கோப்பின் ஹாஷ் முற்றிலும் வேறாகி, பதிவோடு பொருந்தாமல் போய்விடும். தொழில் வழங்குநர் கடிதம் எழுதிக் காத்திராமல் தாமே சரிபார்க்கலாம்; பட்டதாரியின் பெயரோ புள்ளிகளோ பேரேட்டில் இடம்பெற வேண்டியதும் இல்லை. சைப்பிரசின் நிக்கோசியா பல்கலைக்கழகம் 2014இலேயே சான்றிதழ்களை பிட்கொயின் பேரேட்டில் பதிந்தது. 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 111 பட்டதாரிகளுக்குப் பரீட்சார்த்தமாக இத்தகைய சான்றிதழ்களை வழங்கியது.

ஆனால் ஹாஷிலிருந்து சான்றிதழை மீட்டெடுக்க முடியாது. 1990 இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்த குடும்பங்கள் வாழும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இதை அழுத்திச் சொல்லவேண்டும். மூலக்கோப்பின் பிரதிகள் பல்கலைக்கழகத்திடமும் பட்டதாரியிடமும் வெவ்வேறு இடங்களில் பத்திரமாக இருந்தால்தான் பேரேட்டுப் பதிவு பயன்படும்.

அதைவிடச் சிக்கலானது, பதிந்தவர் யார் என்ற கேள்வி. இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயர்களில் பட்டங்களை விற்றதாக 2015இல் அம்பலமான பாகிஸ்தானின் அக்சாக்ட் போன்ற நிறுவனமும் தன் காகிதங்களைப் பேரேட்டில் ஏற்றலாம். தொழில்நுட்பம் அதைத் தடுக்காது. ஆகையால் ஒப்பத்தைச் சரிபார்க்க எவரும் பயன்படுத்தக்கூடிய இணைக்குறியீடான பொதுச்சாவிகளில் எது எந்தப் பல்கலைக்கழகத்துக்கு உரியது என்ற பட்டியலைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதிகாரபூர்வமாக வெளியிட்டுப் பேண வேண்டும். தனிச்சாவியை ஓர் அலுவலரின் கணினியில் மட்டும் வைத்திருப்பது, பதிவாளரின் முத்திரையை மேசைமேல் விட்டுச் செல்வதைவிட ஆபத்தானது. குறைந்தது இருவருடைய ஒப்புதலின்றி எந்தப் பட்டமும் பதியப்படக் கூடாது. தவறாக வழங்கப்பட்ட பட்டத்தை இரத்துச் செய்து, அந்த இரத்தையும் எவரும் பார்க்கும்படி அறிவிக்கும் வழியும் தேவை.

பழைய பட்டதாரிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டு எண்ணிமப்படுத்தக் காலம் பிடிக்கும். அதற்காகக் காத்திராமல், வரவிருக்கும் பட்டமளிப்பு விழாவில் ஒரேயொரு பீடத்திலேனும் கிழக்குப் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கலாம்.