ஒரு லோரியில் இரண்டு வீட்டுப் பழம்

சனிக்கிழமை காலையில் வெட்டிய செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைகள் திங்கட்கிழமை பகலில்தான் எடைமேடை ஏறின. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் அப்பா விட்டுச் சென்ற நாலு ஏக்கர் என்னுடையது. பழத்தை எப்போதும் தவுக்கேயிடம், அதாவது எங்களிடம் வாங்கி ஆலைக்கு விற்கும் வியாபாரியிடம், போடுவோம். டன்னுக்கு இவ்வளவு என்று அவர் தன் பங்கைப் பிடித்துக்கொள்வார். ஈப்போவில் மாலை வகுப்பில் விநியோகச் சங்கிலி படிக்கத் தொடங்கியிருந்த எனக்கு அந்தக் கழிவு உறுத்தியது. நடுவில் இருப்பவரை நீக்கினால் சங்கிலி குறுகும், லாபம் கூடும் என்பது என் கணக்கு. என் பெயரில் மலேசியச் செம்பனை வாரிய உரிமம் எடுத்த வேலை தொல்லையில்லாமல் முடிந்தது.

தொல்லை லோரியில் ஏறி வந்தது. என் பழம் 1.2 டன்தான் தேறும். மூன்று டன் லோரிக்குப் பாதி ஏற்றினாலும் முழு வாடகை. பக்கத்து நிலத்து மாமாவின் பழத்தையும் அதே லோரியில் போட்டேன். அவரிடமும் உரிமம் உண்டு, பிறகென்ன என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, எண்ணெய் ஆலை வாசலில் 24 லோரிகள். "ஒரு மணி நேரம்தான் தம்பி" என்றார் காவலாளி. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினேன்: மணிக்கு ஆறு லோரிதான் உள்ளே போனது. ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய வாய்ப்பாடு எளியது. வரிசையில் நிற்பவற்றை, மணிக்கு நகர்பவற்றால் வகுத்தால் காத்திருக்கும் நேரம். நாலு மணி நேரம். ஒரு மணிக்கு நின்ற எனக்கு ஐந்தைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் முறை வந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே மகிழ்ச்சி அதுதான். எடைமேடைகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை என்பதும் அங்கே நின்றபோதுதான் புரிந்தது. உள்ளே நீராவியில் பழம் வேகவைக்கும் கலன் காலியானால்தான் அடுத்த லோரி கொட்ட முடியும். வரத்து மிகுந்த மாதங்களில் அடைப்பு அங்கேதான்.

எடைச்சீட்டு எழுதும் கிராணி என் உரிமத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார். "மொத்தமும் உங்கள் பழமா?"

உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று பின்னால் நின்ற ஓட்டுநர் முணுமுணுத்தார்.

"ஒரு சீட்டுக்கு ஓர் உரிமம். கலந்த பழத்தை எடை போட முடியாது. அடுத்த லோரி!"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தோரணையை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் விதி அவருடையதல்ல. 2020 ஜனவரி முதல் எம்எஸ்பிஓ என்ற மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் கட்டாயம். எந்தக் குலை எந்த நிலத்தில் விளைந்தது என்று பின்னோக்கித் தேடிப் பிடிக்க வேண்டும். அடுத்தவர் பழத்தைச் சேர்த்து விற்பது வியாபாரி உரிமம் உள்ள தவுக்கேயின் வேலை. அவர் பிடிக்கும் காசில் இதுவும் அடக்கம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலை பழம் எடுப்பதில்லை. வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பிரித்தோம். நல்லவேளை, மாமாவின் மரங்களுக்கு 22 வயது, குலைகள் தூக்க முடியாத கனம். என் மரங்களுக்கு ஆறு வயது, சின்னக் குலைகள். பார்த்தாலே தெரிந்தது. ஒரே வயது மரங்களாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போமோ!

திங்களன்று இரண்டு நடை, இரண்டு வாடகை. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டிய பழம். தாமதித்தால், அதுவும் அடிபட்டிருந்தால், எண்ணெயில் அமிலம் ஏறும். தரம் பார்ப்பவர் பாதியைப் "பழைய குலை" என்று ஒதுக்கிக் கழித்தார். உதிர்ந்த பழத்தில் ஒரு மூட்டை முற்றத்துப் புல்லிலேயே கிடக்கிறது.

நேரடியாக ஆலைக்குப் போக நினைப்பவர்கள், லோரி நாள் உறுதியாகும் முன் கத்தியை எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமையே ஆலைக்குத் தொலைபேசியில் பேசி, சனிக்கிழமை எத்தனை மணிவரை எடுப்பார்கள், வரிசை எவ்வளவு என்று கேளுங்கள். மரத்தில் நிற்கும் பழம் இரண்டு நாள் பொறுக்கும், தரையில் கிடப்பது பொறுக்காது. இருவர் சேர்ந்து லோரி பிடித்தே ஆக வேண்டுமென்றால், அப்படி ஏற்றினால் ஏற்பார்களா என்று ஆலையில் முதலில் கேளுங்கள். நடுவில் பலகை வைத்துத் தடுத்து, காம்பில் சாயம் பூசி, இரண்டு உரிமங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

மாமா இந்தச் சுற்றில் பழத்தைத் தவுக்கேயிடமே போட்டுவிட்டார். நான் சிவப்புச் சாயம் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.