கத்திரி வெயிலில் நாய்க்கு என்ன வேலை கொடுப்பது?

மே மாதம் வந்துவிட்டால் பாளையங்கோட்டையில் நாய் வளர்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள். தண்ணி வை, ஃபேன் போடு, குளிப்பாட்டு. சரி, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் காலையும் மாலையும் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த நாயை வெயிலுக்குப் பயந்து நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே போட்டு வைத்தால் அது சும்மா இருக்குமா? செருப்பைக் கடிக்கும், மிதியடியைப் பிய்க்கும், ஆளே இல்லாத கேட்டைப் பார்த்துக் குரைக்கும். நாம் சேட்டை என்கிறோம். அதற்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது கன்னி இன நாய். கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே மட்டும் செம்பட்டைப் பொட்டு. "நம்மூர் நாய்தானே, வெயில் தாங்கும்" என்பார்கள். குட்டை மயிரும் ஒல்லி உடம்பும் இருப்பதால் லாப்ரடார், பக் எல்லாவற்றையும் விடக் கொஞ்சம் தாங்கும் என்பது உண்மைதான், அதற்காக உச்சி வெயிலில் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போக முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, உள்ளங்காலில் கொஞ்சம் கசியும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக் கூடாது.

அதனால் ஓட்டமெல்லாம் விடியற்காலையோடு சரி. கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி, சுவர் வைத்த காலி இடத்தில் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிட்டாலே போதும். பகலுக்கு மூக்கு. மோப்பம் பிடித்துத் தேடுவது நாயை நன்றாகக் களைக்க வைக்கும், ஓடுகிற அளவுக்கு உடம்பும் சூடாகாது.

எங்கள் முறை இதுதான். அவித்த கோழி ஈரலைச் சின்னச் சின்னதாக நறுக்கி, பழைய வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுருட்டி, மூடி போட்ட பனையோலைப் பெட்டியில் போட்டுத் தார்சாவில், அதாவது வீட்டு முன்கூடத்தில், வைத்துவிடுவேன். முதலில் முன்காலால் பெட்டியைத் தட்டும். நகராது என்று தெரிந்ததும் அசையாமல் நின்று, மூடி இடுக்கில் மூக்கை வைத்து ஃபுஸ் ஃபுஸ் என்று இழுக்கும், அந்த நேரத்தில் காது கூட ஆடாது. அப்புறம் மூடியின் ஓரத்தைப் பல்லால் மெல்லத் தூக்கும். துணியைத் தின்கிற நாயாக இருந்தால் துணி வேண்டாம், ஈரலைச் சுளகுக்கு அடியில் ஒளித்து வையுங்கள். ஆச்சி பார்த்துவிட்டு, "ஏல, சோத்தத் தட்டுல வச்சாத் திங்காதாக்கும் இந்த மூதி?" என்பாள். தின்று முடித்ததும் சாயங்காலம் வரை மூதி எழுந்திருக்காது, அதுதான் எனக்கு வேண்டும்.

உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாத கோழிச் சாறைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் நல்ல ஐஸ் கட்டி கிடைக்கும். சிரட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டியை மட்டும் கொடுங்கள், சிரட்டை சில்லு வாயைக் கிழிக்கும். நக்குகிற நாய்க்குச் சரி, கடகடவென்று கடிக்கிற நாய்க்குப் பல் போய்விடும், அதற்குக் குளிர்ந்த மோர் பரவாயில்லை. விதை எடுத்த தர்ப்பூசணி, வெள்ளரிக்காய் கொடுக்கலாம். திராட்சை மட்டும் கூடவே கூடாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாயசத்தில் கிடக்கிற உலர்திராட்சையும் அதே கதைதான்.

இவ்வளவு பார்த்தும் ஒரு நாள் நாய் தள்ளாடினாலோ, எச்சில் கெட்டியாக வடிந்தாலோ, ஈறு ரத்தச் சிவப்பாக மாறினாலோ உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். நாயின் சாதாரண உடம்புச் சூடே 101லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும், 105ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி ஃபேன் காற்றில் படுக்க வையுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். வாயில் தண்ணீரை வம்பாக ஊற்றாதீர்கள், அதுவாகக் குடித்தால் குடிக்கட்டும். குளிர வைத்த பிறகுதான் வண்டி. திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பக்கத்து டாக்டர் நம்பரையும் இப்போதே போனில் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.